"பேரன் பீய்ச்சவே மாட்டேங்கிறானே!" - பாட்டி கவனித்ததும், டாக்டர் பார்த்ததும்

குழந்தையைக் குளிப்பாட்டுவதில் எங்கள் அம்மாவுக்குத் தனி கர்வம் உண்டு. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, குழந்தையைக் காலின் மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, வெந்நீர் ஊற்றி... எங்கள் குடும்பத்தில் பதினோரு குழந்தைகள் அந்தக் கால்களில் குளித்திருக்கின்றன. ஆண் குழந்தை என்றால் கூடுதலாக ஒரு கூத்தும் நடக்கும். வெந்நீர் பட்டதும் வில்லாக வளைந்து ஒரு பீய்ச்சு! அம்மாவின் புடவையில், சில நாள் முகத்திலேயே. "பன்னீர் தெளிச்சுட்டான் பாரு எம் பேரன்" என்று அம்மா பூரித்துப்போவார்.

என் தங்கைக்குப் பையன் பிறந்து நாற்பது நாள் இருக்கும். குளிப்பாட்டிவிட்டு வந்த அம்மா, துண்டை உதறிக்கொண்டே சொன்னார். "ஏன்டி, இவன் பீய்ச்சவே மாட்டேங்கிறானே. சொட்டு சொட்டா வழியுது. முக்கி முக்கிப் போறான்."

நாங்கள் சிரித்தோம். நானும்தான். "அடக்கமான பையன்மா" என்றேன். வாரப் பத்திரிகையில் வருடக்கணக்காக மருத்துவக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். அன்றைக்கு அந்த வீட்டில் சரியான மருத்துவக் கேள்வியைக் கேட்டவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மா மட்டும்தான்.

சூடு இல்லை, சளியும் இல்லை

அடுத்த மூன்று வாரங்களில் குழந்தைக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. முதல் முறை சளி மருந்து. காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததும், "சூடு பிடிச்சிருக்கு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வையுங்க" என்று பக்கத்து வீட்டு யோசனை. வைத்தோம். பால் குடிப்பது குறைந்தது. எடை ஏறவில்லை. இரண்டாவது காய்ச்சலில்தான் ஒரு குழந்தைகள் நல மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீரைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். குழந்தைக்கு 'எரியுது' என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல், வாந்தி, சிணுங்கல், எடை ஏறாமை... இவ்வளவுதான் அதன் மொழி.

சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தது. கூடவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1. பக்கத்திலேயே 'நார்மல் 0.6 முதல் 1.2 வரை' என்று அச்சடித்திருந்தார்கள். "கிட்னி நார்மல்தான் அக்கா" என்று தங்கை போனில் சொன்னபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் குழந்தைகளுக்கான சிறுநீரியல் அறுவை சிகிச்சை நிபுணர் அந்தத் தாளைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பேனாவை எடுத்து, அந்த 'நார்மல்' என்ற வரியைக் குறுக்காக அடித்தார். அது பெரியவர்களுக்கான அளவு. இரண்டு மாதக் குழந்தைக்கு கிரியேட்டினின் 0.2 முதல் 0.4-க்குள் இருக்க வேண்டும். தசைகளிலிருந்து உருவாகும் கழிவுப்பொருள் அது. பச்சைக் குழந்தைக்குத் தசையே எவ்வளவு இருந்துவிடப்போகிறது! அந்த உடம்பில் 1.1 என்றால் சிறுநீரகங்கள் பெரும் சிரமத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் வீட்டுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' யாருக்கானது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் யூரின் போறதை யாராவது பார்த்திருக்கீங்களா?" தங்கை என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே ஒரு சின்ன மடல்

வந்திருந்த நோயின் பெயர் 'போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ்'. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் பிறவிக் குறைபாடு. சிறுநீர்ப்பையின் வாயைத் தாண்டியதும், பாதைக்குள் மெல்லிய சவ்வு மடலாக வளர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு.

வாய்க்காலின் மடையில் குப்பை அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் பின்னோக்கி ஏறி வயலை மூழ்கடிக்கும். இங்கேயும் அதேதான். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துப்போகிறது. அழுத்தம் மேலேறி சிறுநீர்க்குழாய்களையும், அதற்கும் மேலே சிறுநீரகங்களையும் வீங்கவைக்கிறது. இதெல்லாம் பிறந்த பிறகு தொடங்குவது அல்ல. கருப்பைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் அடைப்பை நீக்கிய பிறகும் சில குழந்தைகளின் சிறுநீரகங்கள் முழுதாக மீள்வதில்லை.

ஸ்கேன் காட்டியிருக்காதா என்று கேட்பீர்கள். காட்டியிருந்தது. எட்டாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், இரண்டு சிறுநீரகங்களும் லேசாக வீங்கியிருப்பதாகவும், பிறந்த பிறகு மறுபடி ஸ்கேன் எடுக்கும்படியும் இருந்தது. குழந்தை தலை திரும்பியிருக்கிறதா, எடை எவ்வளவு என்பதோடு நாங்கள் ஃபைலை மூடிவிட்டோம். பிரசவம் பார்த்த இடத்திலும் அந்த வரியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இந்த நோய் ஆண் குழந்தைக்குத்தான் வரும். ஆனால், 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை ஸ்கேன் செய்கிறவர் சொல்லக் கூடாது. அந்தச் சட்டம் ஏன் வந்தது, எத்தனை பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்தது என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது இருக்கத்தான் வேண்டும். ஆகவே, ரிப்போர்ட்டில் 'வால்வ் சந்தேகம்' என்று வெளிப்படையாக எழுதுவதில் தயக்கம் இருக்கும். 'சிறுநீர்ப்பை தடித்திருக்கிறது, சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றன, பிறந்ததும் நிபுணரைப் பாருங்கள்' என்ற அளவில்தான் வரும். அந்த ஒரு வரியைத் தவறவிடாமல் இருப்பது நம் பொறுப்பு.

அதே சமயம், 'கிட்னி வீக்கம்' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே கர்ப்பிணிகள் தூக்கத்தைத் தொலைக்கவும் வேண்டாம். நூறு கர்ப்பங்களில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் இப்படி ஏதோ ஒரு வீக்கம் தெரிகிறது. பெரும்பாலானவை லேசானவை. பிறந்த பிறகு தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாத அந்தச் சிலரைப் பிரித்து எடுப்பதுதான் இந்த டாக்டரின் வேலையில் பாதி. மீதிப் பேருக்கு அவர் தருவது, 'மூன்று மாதம் கழித்து வாங்க' என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் கத்தியை எடுக்காமல் இருப்பதற்கும் நிறையப் படித்திருக்க வேண்டியிருக்கிறது.

மூன்று மில்லிமீட்டருக்குள் ஒரு ஆபரேஷன்

அன்றே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி சிறுநீரை வெளியேற்றினார்கள். ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ். ஐந்தாம் நாள் கிரியேட்டினின் 0.6-க்கு இறங்கியது. பிறகு ஓர் எக்ஸ்ரே. குழாய் வழியே சாயமருந்தைச் செலுத்தி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே படம் எடுப்பது. அடைப்பு இருக்கும் இடத்துக்கு மேலே பாதை உப்பியும், கீழே நூலாகவும் தெரிந்தது. எனக்கே புரிகிற அளவுக்குத் தெளிவான படம்.

வயிற்றில் எங்கும் கீறவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள சிஸ்டோஸ்கோப்பை அனுப்பி, திரையில் பார்த்துக்கொண்டே அந்த மடல்களை வெட்டி விடுகிறார்கள். தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த அந்தக் குழலுக்குள்ளேயே விளக்கு, லென்ஸ், தண்ணீர், கருவி எல்லாம் போக வேண்டும்.

இந்த மடல்களை 1919-ல் விரிவாக வகைப்படுத்தி எழுதியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹியூ ஹாம்ப்டன் யங். நோய் தெரிந்துவிட்டது. ஆனால், பச்சைக் குழந்தையின் பாதைக்குள் நுழையக்கூடிய தெளிவான கருவிக்கு இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் கண்ணாடித் தண்டுகளை வரிசையாக அடுக்கி உருவாக்கிய லென்ஸ் முறை 1960-களில் எண்டோஸ்கோப்புகளுக்குள் வந்த பிறகுதான், குழந்தைகளுக்கான மெல்லிய கருவிகள் சாத்தியமாயின. இயற்பியல் படிக்கும் பிள்ளையிடம் 'டாக்டராகியிருக்கலாமே' என்று புலம்புகிற பெற்றோர் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஓ.பி-யில் ஒரு காலை

மருமகன் தேறிய பிறகு, அந்த டாக்டரிடம் அனுமதி வாங்கி ஒரு நாள் அவருடைய புறநோயாளிகள் பிரிவில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குழந்தைகளைவிட, பெற்றோரின் தயக்கத்துக்கு வைத்தியம் பார்ப்பதில்தான் அவருக்கு அதிக நேரம் போனது. கதவைச் சாத்திய பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. 'அந்த இடத்துல' என்பார்கள். 'மொட்டு' என்பார்கள். ஒரு தாத்தா கடைசிவரை கையால் சைகைதான் காட்டினார்.

பாதிப் பேர் வந்தது, மொட்டுத் தோல் பின்னால் வரவில்லை என்பதற்காக. பிறந்த ஆண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் தோல் ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானாகப் பிரியும், சிலருக்கு வயசுக்கு வரும்வரைகூட ஆகலாம். குளிக்க வைக்கும்போது பலவந்தமாக இழுத்துவிடும் பழக்கம்தான் கெடுதல். இழுத்தால் கீறல் விழும், கீறல் ஆறும்போது தழும்பாகி நிஜமாகவே இறுகிக்கொள்ளும். சிறுநீர் கழிக்கும்போது வலி, அடிக்கடி சீழ் என்றால் மட்டும் பார்க்க வேண்டும். அதற்கும் முதலில் களிம்புதான், கத்தி அல்ல.

அடுத்து, ஒரு பாட்டி தூக்கி வந்த ஒன்பது மாதப் பையன். ஒரு பக்கம் விரை இறங்கவில்லை. டாக்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே தொட்டார். குளிர்ந்த கை பட்டால் விரை சுருங்கி மேலேறிவிடுமாம். கொஞ்சம் பெரிய பையன்கள் என்றால் சம்மணம் போட்டு உட்காரச் சொல்கிறார். அப்படி உட்காரும்போது தசை தளர்ந்து, உள்ளே ஒளிந்துகொள்ளும் விரை கீழே வந்துவிட்டால் அது வெறும் கண்ணாமூச்சி, கவலையில்லை. எப்படிச் செய்தும் வரவில்லை என்றால்தான் ஆபரேஷன். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றில் சுமார் மூவருக்கு இந்தக் குறை இருக்கிறது. பலருக்கு முதல் சில மாதங்களில் இறங்கிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்துவிட வேண்டும். உடல் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் விரை சரியாக வளரும். வயிற்றுக்குள்ளேயே தங்கினால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம், புற்றுநோய் ஆபத்தும் கூடும். 'கல்யாண வயசுல பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டு, கல்யாணம் நிச்சயமான பிறகு ஓடிவருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சிறுநீர் வரும் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும் 'ஹைப்போஸ்பேடியாஸ்' நாம் நினைப்பதைவிடச் சாதாரணம். சில நூறு பையன்களில் ஒருவருக்கு இருக்கும். இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. துளை தள்ளியிருப்பது தெரிந்தால், மார்க்கக் கல்யாணம் எனும் சுன்னத்தை டாக்டரைக் கேட்காமல் செய்துவிடக் கூடாது. புதிய பாதையைத் தைக்க அந்தத் தோல்தான் துணி. வெட்டிப்போட்டுவிட்டால் வேறிடத்திலிருந்து எடுக்க வேண்டிவரும். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலைமுடியளவு மெல்லிய நூலால் தைக்கிற வேலை அது. டாக்டருக்குப் பிறகு சுன்னத் விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்த குடும்பங்களும் உண்டாம்!

பெண் குழந்தைகளும் வந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. காரணம் பெரிய நோய் எதுவும் இல்லை. பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று காலையிலிருந்து மாலைவரை அடக்கிவைக்கிறாள். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. மலச்சிக்கல் வேறு. டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்தது மாத்திரை அல்ல, தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம்.

இரவில் படுக்கையை நனைக்கும் ஆறு வயதுப் பையனை அவன் அப்பா எல்லோர் முன்பாகவும் திட்டிக்கொண்டே அழைத்து வந்தார். ஐந்து வயதில் நூறு குழந்தைகளில் பதினைந்து பேர் படுக்கையை நனைக்கிறார்கள். அது திமிர் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. டாக்டர் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான், "நீங்க எத்தனை வயசுவரைக்கும் போனீங்க சார்?" இந்தப் பழக்கம் குடும்பவாகில் வருவது உண்டு. அப்பாவின் முகத்தில் அசடு வழிந்தது. பையன் அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

ஆறு மணி நேரம்

இதுவரை சொன்ன எதற்கும் ஒரு வாரம், ஒரு மாதம் அவகாசம் உண்டு. ஒன்றுக்கு மட்டும் இல்லை. விரை முறுக்கிக்கொள்வது. பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டுக்குள் வரும். விளையாடும்போதும் வரலாம், தூக்கத்திலும் வரலாம். திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி. ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால், எந்தப் பதின்மூன்று வயதுப் பையன் அம்மாவிடம் சொல்வான்? 'வயிறு வலிக்குது' என்றுதான் சொல்வான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பார், காலையில் பார்க்கலாம் என்பார். அந்த ராத்திரியிலேயே எல்லாம் முடிந்துவிடும். வீட்டில் அந்த வயதுப் பையன் இருந்தால், இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: 'அந்த இடத்துல வலிச்சா ராத்திரி ரெண்டு மணியானாலும் எழுப்பு, வெட்கப்படாதே.' அப்பா சொன்னால் இன்னும் நல்லது. அப்படி வந்தால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான்.

டைரியில் ஓர் எண்

யாரைப் பார்ப்பது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. நெஃப்ராலஜிஸ்ட் சிறுநீரகத்துக்கு மருந்தால் வைத்தியம் பார்ப்பவர். யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை செய்பவர். குழந்தைகள் என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலே போதும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையில் எடுத்துப் போங்கள்.

இந்தத் துறையில் ஆபரேஷன் முடிந்தவுடன் டாக்டர் விடைபெறுவதில்லை. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. நாளுக்கு நாலைந்து முறை குழாய் விட்டு எடுக்க வேண்டும். 'கிருமிநீக்கம் செய்த அறை தேவையில்லை, சுத்தமான கை போதும், வீட்டிலேயே செய்யலாம்' என்று மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லேபிடஸ் 1972-ல் சொன்னபோது நம்பாதவர்கள் நிறைய. இன்று நம் ஊர் அம்மாக்கள் சமையலுக்கு நடுவே அதைச் செய்கிறார்கள். குடல்வாலை எடுத்து, சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் இடையே பாதையாகத் தைத்துவிடும் முறையை 1980-ல் பிரான்ஸின் பால் மிட்ரோஃபனாஃப் வெளியிட்டார். ஒன்றுக்கும் உதவாது என்று நாம் நினைக்கும் குடல்வால், ஒரு பிள்ளை யார் உதவியும் இல்லாமல் பள்ளிக்கூடம் போக வழிசெய்கிறது.

எங்கள் பையனுக்கு இப்போது எட்டு வயது. முதல் வருட முடிவில் கிரியேட்டினின் 0.5-ல் நின்றது. 0.8-க்குக் கீழே இறங்கியது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். ஆனால், இந்த நோயோடு பிறந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இளம் வயதில் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. அழுத்தத்திலேயே வளர்ந்த சிறுநீர்ப்பை, அடைப்பு போன பிறகும் பழைய முரட்டுத்தனத்தை விடுவதில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பள்ளியில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் அதிரும். வகுப்பு டீச்சருக்குக் காரணம் தெரியும், நண்பர்களுக்கு அவன் 'வாட்ச்மேன்'.

ஒருமுறை போய்விட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி போக வேண்டும். மிச்சம் தங்கக் கூடாது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரண்டு நாள், எவ்வளவு போகிறான் என்று அளந்து டைரியில் எழுத வேண்டும். அதற்கென்றே பாத்ரூமில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை இருக்கிறது. போன மாதம் நான் அங்கே தங்கியிருந்தபோது, காலை ஆறரைக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பாட்டி, எழுதிக்கோ... நூத்தி எண்பது!"

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். எழுதிவிட்டுக் கதவருகே நின்றார்.

"ரெண்டாவது தடவை போனியாடா?"

"இரு பாட்டி, வருது."